மழை மாதத்தில் சூரிய அடுப்பு

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு சூரிய அடுப்பு உண்டு. உள்ளே கறுப்புப் பூசி, மேலே கண்ணாடி போட்ட பெட்டி அது. கோடையில் காலையில் அதில் பருப்பு வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போவேன். சாயங்காலம் வந்து வெந்ததை இறக்குவேன்.

கார்த்திகையில் என் தங்கை செல்வி எட்டு மாதக் கர்ப்பிணியாக வந்திருந்தாள். அவள் ஆசைப்பட்டாளே என்று கறிக்குழம்பைப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனேன். கொஞ்ச நேரத்தில் வானம் மூடிக்கொண்டது. சாயங்காலம் பார்த்தால் பாத்திரம் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. விறகடுப்பில் கொதிக்க வைத்து அவளுக்குப் பரிமாறினேன்.

அப்போது அடுத்த வீட்டு நூர்ஜஹான் அக்கா வந்தார். அவர் வீட்டிலும் இதே அடுப்பு உண்டு.

“கறிய எப்ப வச்ச?”

“காலைலக்கா. இப்பதான் சூடு பண்ணுனேன்.”

“புள்ளைக்குக் குடுத்துராத. போன மழைக்கு நாங்களும் இப்படித்தான் சூடு பண்ணித் தின்னுட்டு, வீட்டோட வயித்தால போயிக் கெடந்தோம். வெயில் இல்லன்னா பெட்டிக்குள்ளயே கெட்டுப் போவும்.”

செல்வி பிசைந்த சோற்றிலிருந்து கையை எடுத்தாள். நான் குழம்பைக் கொட்டினேன். அக்கா தன் வீட்டிலிருந்து சுடுசோறும் ரசமும் கொண்டுவந்து, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

தை மாதம் செல்விக்குச் சுகப்பிரசவம் ஆனது. பெண் குழந்தை. அவளைத் தூக்கும்போதெல்லாம் அக்காவை நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது மழை மாதங்களில் நான் வீட்டில் இருக்கும் நாளில்தான் சூரிய அடுப்பைத் திறக்கிறேன். மேகம் கூடினால் உடனே விறகடுப்புக்கு மாற்றிவிடுகிறேன். கறியை அதில் வைப்பதே இல்லை.

— ஒரு வாசகி, சங்கரன்கோவில்