நாத்தனார் கொடுத்த மாத்திரை

என் மகளுக்கு முதுகுவலி தொடங்கியபோது பதினான்கு வயது. வலி வந்த நேரம், நின்ற நேரம், எந்தப் பக்கம் என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்தேன். உடம்பு ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்ததும் காரணம் புரிந்துவிட்டதாக நினைத்தேன். திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கு லாரித் தண்ணீர்தான். குடத்தை எப்போதும் ஒரே இடுப்பில் சுமந்து வந்த கோணல் என்று முடிவுகட்டி, இடுப்பை மாற்றச் சொன்னேன். நான்கு மாதம் இப்படியே போனது.

எலும்பு டாக்டர் என் நோட்டைப் பொறுமையாகப் புரட்டினார்.

"ராத்திரிலதான் ஜாஸ்தியா? வலி மாத்திரை போட்டா அடங்குதா?"

"மாத்திரை எதுவும் குடுக்கல சார்."

பின்னால் நின்ற என் நாத்தனார் தொண்டையைச் செருமினாள். அவள் குடியிருப்பது பக்கத்து வீட்டில், என் மகள் பாதி நாள் அங்கேதான் படுப்பாள்.

"நான் குட்த்துகினு கீறேன் சார். போட்டா அர மணி நேரத்துல கப்புனு நின்னுடும். அப்பால நல்லா தூங்கும்."

"என்கிட்ட ஏன்டி சொல்லல?" என்று மகளைக் கேட்டேன்.

"நீ நோட்டுல எழுதுவ. அத்தை தைலம் தேச்சி வுடும்."

டாக்டர் நோட்டை மூடிவிட்டு மீதியை நாத்தனாரிடமே கேட்டார்.

ஸ்கேனில் ஒரு முதுகெலும்பில் கடலைப்பருப்பு அளவுக்குக் கட்டி தெரிந்தது. புற்றுநோய் இல்லை, வலியால் தசை இறுகித்தான் உடம்பு சாய்கிறது, ஊசி வழியாகச் சூடு கொடுத்துக் கருக்கிவிடலாம், நரம்பு பக்கத்தில் இருப்பதால் கவனம் வேண்டும் என்றார். "மாத்திரைக்கு அடங்குதுன்னு நீங்க சொன்னதுதான் பெரிய துப்பு" என்று நாத்தனாரைப் பார்த்துச் சிரித்தார். சாதாரணக் கட்டி என்ற நிம்மதியைவிட அந்தச் சிரிப்புதான் வீடு வரை என்னோடு வந்தது.

சிகிச்சை நாளில் உள்ளே போக ஒருவருக்குத்தான் பாஸ். நானே வாங்கிக்கொண்டேன். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த மகள், "அத்தை வர்ல?" என்றாள்.

"அவளுக்கு வேல கீது."

நாத்தனார் காலையிலிருந்து வெளியே பெஞ்சில்தான் இருந்தாள். கதவு திறந்தபோது அவள் வாட்ச்மேனிடம் கெஞ்சுவது உள்ளே கேட்டது.

"பாப்பா அழுவுதான்னு மட்டும் பாத்துச் சொல்லு நைனா."

மகள் என் முகத்தைப் பார்த்தாள். "ஒரு தபா கூப்டும்மா" என்றாள்.

வெளியே போய் நாத்தனாரிடம் பாஸை நீட்டினேன்.

"அஞ்சு நிமிஷம்தான்."

"சரி அண்ணி."

பதினொரு நிமிடம் உள்ளே இருந்தாள்.