மூன்று பந்தியாகச் சாப்பிட்ட ஆபீஸ்

சாலைக் கடைவீதியில், இரும்புச் சாமான் மொத்தக் கடை ஒன்றின் மாடி ஆபீசில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. தற்காலிகம்தான். ஓணம் கழிந்ததும் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கட்டட வேலைக்குப் போகும் அம்மா, நிரந்தரம் என்று அக்கம்பக்கம் முழுக்க அதற்குள் சொல்லிவிட்டாள்.

அந்த ஆபீசில் உருப்படியான வேலை நடந்தது மதியச் சோற்றின்போதுதான். எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து குழம்பை நடுவில் வைப்பார்கள். என்ன சரக்கு தீர்ந்தது என்று குடோன் அண்ணாச்சி ரசத்தை ஊற்றிக்கொண்டே சொல்வார். அதைக் கேட்டுத்தான் விற்பனைக்காரர்கள் சாப்பிட்டு எழுந்ததும் கடைகளுக்குப் போனில் வாக்குக் கொடுப்பார்கள்.

வெளியூரில் எம்.பி.ஏ. படித்துத் திரும்பிய முதலாளி மகனின் கண்ணில் பட்டது ஒன்றே ஒன்று: அந்த நேரம் போன் எடுக்க ஆளில்லை. பிரிவுவாரியாக மூன்று பந்தியாகச் சாப்பிடச் சொன்னார். பிறகென்ன, இல்லாத பைப்புக்கு வாக்குக் கொடுத்தார்கள். வித்துராவிலிருந்து வந்த லாரி காலியாகத் திரும்பியது.

“டீம் ஸ்பிரிட் இல்லை” என்று கண்டுபிடித்தார். மருந்தாக, ஒரு சனிக்கிழமை எங்களை வட்டமாக நிறுத்தி, பெயர் சொல்லிப் பந்து எறியச் சொன்னார்.

கணக்குப் பிரிவுச் சேச்சி என் காதில் முணுமுணுத்தார்: “இத்தன காலம் என் அவியலைத் தின்னவனுக்கு என் பேரு அறியாதாக்கும்.”

சிரித்துவிட்டேன்.

“என்ன சிரிப்பு? ஏன் டீம் ஸ்பிரிட் இல்லன்னு தெரிஞ்சா நீயே சொல்லேன்” என்றார் முதலாளி மகன்.

“எல்லாரையும் ஒண்ணா சாப்பிட விடுங்க சார். சரியாயிரும்.”

“சோறு திங்கவா டிகிரி வாங்கின?”

“சோத்துக்குத்தானே சார் எல்லாரும் வாங்குறோம்.”

அண்ணாச்சி பந்தைத் தவறவிட்டார்.

திங்கட்கிழமையன்று, முதல் பந்திக்காரர்கள் சாப்பிடப் போகவில்லை. இரண்டாம் பந்தியும் போகவில்லை. மூன்றாம் பந்திக்கு எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்தோம். போன் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் முதலாளி மகனே எடுத்தார். பிறகு வாசலில் வந்து நின்றார்.

“வித்துராக்காரர் கேக்கார். பைப்பு எப்ப வரும், அண்ணாச்சி?”

“வியாழக்கிழமை” என்றார் அண்ணாச்சி, வாயில் சோற்றோடு.

அதைச் சொல்ல முதலாளி மகன் போனுக்குத் திரும்ப ஓடினார்.

ஓணம் கழிந்தது. எனக்கு மனோபாவம் சரியில்லையாம், நிரந்தரம் இல்லை. கடைசி நாளும் அந்த மேசையில் சாப்பிட்டுவிட்டுத்தான் படி இறங்கினேன். மேலே போன் அடித்தது; அதை எடுக்க முதலாளி மகன் ஓடும் செருப்புச் சத்தமும் கேட்டது.

நானாக விட்டுவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லவில்லை. அனுப்பிவிட்டார்கள் என்றேன், ஏன் என்றும் சொன்னேன். அக்கம்பக்கத்தில் அவள் அதையும் அப்படியே சொல்லட்டும்.