ஆடு தின்ற போன்சாய்

ஜவ்வாது மலைக்கு மாற்றலாகி வந்தபோது, நான் தொட்டியில் வளர்த்த போன்சாய்ப் புளியமரத்தையும் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். முழங்கை உயரம்தான் இருக்கும். கார்த்திகைக் குளிருக்குப் பயந்து, ராத்திரி ஆனால் அதற்குக் குரங்குக் குல்லா மாட்டிவிடுவேன்.

ஒருநாள் காலை குல்லாவைக் கழற்றி, வெயில் படட்டும் என்று வாசலில் வைத்தேன். திரும்பி வருவதற்குள் பக்கத்து வீட்டு ஆடு மரத்தை வேரோடு பிடுங்கித் தின்றுவிட்டது.

"இருபது வருஷத்து மரம்க்கா!" என்று கத்தினேன்.

ஆட்டுக்காரி சாலம்மா பதறிப்போனாள். "அழுவாதீங்க சார். எங்க கொல்லையிலயும் இருபது வருஷத்துப் புளியமரம் ஒண்ணு கீது. அத நீங்களே வச்சிக்கோங்க" என்று கையைப் பிடித்து இழுத்துப்போனாள்.

அண்ணாந்து பார்த்தேன். கழுத்து வலித்தது. இத்தனை வருஷமும் நான் மரம் வளர்ப்பதாகத்தான் நினைத்திருந்தேன்.

கையிலிருந்த குல்லாவை மெதுவாக என் தலையிலேயே மாட்டிக்கொண்டேன்.