பாலத்து இறக்கத்துக்கு ஒரு பெரிய செயின் வீல்

ஞாயிறு சைக்கிள் குழுவில் பாலத்து இறக்கத்தில் எப்போதும் நான்தான் கடைசி. கீழே சாயாக்கடைக்கு நான் சேரும்போது எல்லாரும் குடித்து முடித்துக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள்.

அதனால் வேகம் கூடட்டும் என்று நேற்று பெடல் பக்கம் பெரிய செயின் வீல் மாட்டச் சொன்னேன்.

"மட்டாஞ்சேரில எறக்கம் எங்க இருக்கு? அந்தப் பாலம் மட்டும்தானே?" என்று சிரித்தார் சைக்கிள் கடைச் சேட்டன்.

எனக்கு அது போதும்.

இன்று பறந்து இறங்கினேன். சாயாக்கடையில் முதல் ஆள்.

"தனிச்சா வந்தீங்க?" என்றார் சாயாக்கடைக்காரர்.

"பின்னால வர்றாங்க. எல்லாருக்கும் சேர்த்துப் போடுங்க."

சாயா ஆறிக்கொண்டிருக்கும்போது குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பாலத்து உச்சியில் தோளில் கைபோட்டு நிற்கிறார்கள். கூடவே ஒரு வரி: "இன்னைக்கு ஒருத்தர் விடாம வந்தாச்சு!"

நானும் லைக் போட்டேன்.

சாயா நிறைய மிச்சம். பக்கத்தில் யாராவது இருக்கிறீர்களா?