குடோன் மெஷினில் ஓடும் தமிழ் வகுப்பு

ஆன்லைனில் பாடம் நடத்துகிறவர்களின் தொண்டைத் தண்ணீரில் பாதி பாடத்துக்குச் செலவாகிறது, மீதிப் பாதி, "நான் பேசறது கேக்குதா?" என்பதற்கு. நீங்களும் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவராக இருந்தால், இந்நேரம் தலையாட்டியிருப்பீர்கள்.

நான் பாலிகஞ்சில் இருந்துகொண்டு வங்காளிகளுக்குப் பேச்சுத்தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். வேலூருக்கு வைத்தியத்துக்குப் போகிறவர்கள், சென்னைக்கு மாற்றலாகிறவர்கள், தமிழ்ப் பெண்ணைக் காதலித்து மாட்டிக்கொண்டவர்கள் என்று மாணவர்களுக்குக் குறைவில்லை. குறை இன்டர்நெட்டில்தான். எங்கள் வீட்டு உரிமையாளர்களான அண்ணன் தம்பிக்குள் அலிப்பூர் கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்கு நடக்கிறது. தீர்ப்பு வரும்வரை சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று இருவரும் சொல்லிவிட்டார்கள். அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். ஆகவே பிராட்பேண்ட் கேபிள் உள்ளே வர வழியில்லை. போனில் ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்த்தோம். பேட்டரி பூரி மாதிரி உப்பிக்கொண்டது.

அப்போதுதான் என் கணவர், தன் ஆபீஸில் கழித்துக்கட்டிய ஒரு கையடக்கக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். குடோனில் பெட்டிகளின் பார்கோடைப் படிக்கிற மெஷின். செங்கல் கனம். ஆனால் அதில் சிம் போட இடம் இருந்தது. "இனிமே இதுதான் நம்ம வீட்டு ரவுட்டர்" என்றார். நானும் நம்பினேன்.

ழகரத்தில் நின்ற முகம்

நியூ டவுனில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் சௌமிக்குக்கு மதுரைப் பெண்ணோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாமனார் வீட்டில் 'வாளப்பளம்' என்று சொல்லி மானம் போய்விடக் கூடாதே என்று என்னிடம் வந்தார். மதுரையிலேயே பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. அப்புறம் என் பிழைப்பு என்னாவது?

கேமராவுக்கு நெருக்கமாகப் போய், வாயைத் திறந்து, நாக்கை மடித்துக் காட்டினேன். அந்த நேரம் பார்த்து மெஷின் படுத்துவிட்டது. அது தெரியாமல் மேலண்ணத்தைப் பற்றி ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். பிறகு பதறிப்போய் மெஷினை அணைத்துப் போட்டு, மறுபடி உள்ளே வந்து மன்னிப்புக் கேட்டால், சௌமிக் முகமெல்லாம் சிரிப்பு. நான் இல்லாத நேரம் பூராவும் அவருடைய திரையில் என் திறந்த வாய் அசையாமல் நின்றிருக்கிறது. அதைப் படம் பிடித்து மதுரைக்கு வேறு அனுப்பிவிட்டார்.

"சாரி வேண்டாம் திதி. நீங்க பேசும்போது எனக்குப் புரியலை. நீங்க நின்னுட்டீங்க, நாக்கு நல்லாத் தெரிஞ்சுது. வாழைப்பழம்!"

பையில் விழுந்த காய்

எங்கள் வீட்டில் சிக்னல் சமையலறை ஜன்னலில் மட்டும்தான் எட்டிப் பார்க்கும். அதுவும் ஜன்னலுக்கு வெளியே. மெஷினை ஒரு துணிப்பையில் போட்டு, கயிற்றில் கட்டி, கம்பியிலிருந்து தொங்கவிட்டேன். கொஞ்சம் இறக்கினால் இன்னும் நன்றாக வந்தது. ஆசை யாரை விட்டது? தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, முதல் மாடியிலிருந்த பை தெருவில் நிற்கிறவர் தலைக்கு மேல் வந்து நின்றது. எங்கள் தெருவில் மாடிப் பெண்கள் எல்லோரும் காய்கறி வாங்க இப்படித்தான் பையை இறக்குவார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. நானே இறக்குகிறவள்தான்.

ஒருநாள் காலை, சென்னைக்கு மாற்றலாகிப் போகும் ஓர் அதிகாரிக்கு 'விலையைக் கொஞ்சம் கொறைச்சுக்கோங்க' என்று பேரம் பேசக் கற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் குரல் விட்டு விட்டு வந்து, அடங்கியே போனது. ஓடிப்போய்க் கயிற்றை இழுத்தால் பை கனக்கிறது. மெஷினுக்கு மேலே பட்டோல் குவிந்து கிடக்கிறது. கோவைக்காயைக் கொஞ்சம் ஊட்டி வளர்த்த மாதிரி இருக்கும் அந்தக் காய், வங்காளிகளுக்கு உயிர். கீழே வண்டிக்காரரைப் பார்த்து எனக்குத் தெரிந்த வங்காள மொழியில் கத்தினேன். அவர் நிதானமாக நிமிர்ந்து பார்த்தார்.

"பை தொங்கிச்சு, போட்டேன் பௌதி. உள்ளே எடை மெஷின் வேற வெச்சிருந்தீங்க. நிறுத்துப் பாத்து வாங்குறவங்கபோலன்னு ரெண்டு காய் கூடவேதான் போட்டிருக்கேன்."

இரண்டாம் குடோன்

மெஷினுக்குக் கம்பெனி வைத்த பெயர் 'குடோன்-2'. ஹாட்ஸ்பாட் போட்டால் அந்தப் பெயர்தான் வரும். மாற்றலாம் என்றால் பாஸ்வேர்டு கேட்கும். அது தெரிந்தவர் ரிட்டயராகிப் போய்விட்டார். பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

பூஜை சமயத்தில் பந்தல் கமிட்டிப் பிள்ளைகள் சந்தா கேட்டு வந்தார்கள். வழக்கமாகக் கொடுப்பதைக் கொடுத்தேன். வாங்காமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் அவர்களில் மூத்தவன் போனைத் திறந்து என் முன்னால் நீட்டினான்.

"தெருவுல எல்லார் போன்லயும் உங்க குடோன் பேரு வருது காகிமா. அதுவும் ரெண்டாவது குடோன். அப்போ முதல் குடோன் எங்கே இருக்கு?"

மழையில் ஒரு மொழிபெயர்ப்பாளர்

ஷிப்ரா பேஹாலாவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்ப்பவள். அவள் கணவருக்கு வேலூரில் இதய ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தது. "நர்ஸ் சொல்றது எனக்கே புரியணும் திதி" என்று வகுப்பில் சேர்ந்தாள். பாடம் பாதி தாண்டுவதற்குள் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். "பயப்படாதே, வீடியோவில் கூப்பிடு, நான் கேட்டுச் சொல்றேன்" என்று பெரிய மனுஷி மாதிரி வாக்குக் கொடுத்து அனுப்பினேன். எந்த மெஷினை நம்பி அந்த வாக்கைக் கொடுத்தேன் என்று இப்போதும் விளங்கவில்லை.

ஆபரேஷன் முடிந்த அன்று சாயங்காலம் கூப்பிட்டாள். ஐ.சி.யூ. வாசலில் வெளிறிப்போய் நிற்கிறாள். நர்ஸ் வெளியே வந்து, "உங்க வீட்டுக்காரருக்கு..." என்று வேகமாக ஆரம்பித்தார். இங்கே காலவைசாகி வந்து ஜன்னலை அறைந்தது. சித்திரையில் சொல்லாமல் வருகிற பேய்க்காற்றும் மழையும். பை சுவரில் மோதியது. லைன் போய்விட்டது.

மெஷினை இழுத்து எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். குடை மெஷினுக்கு, மழை எனக்கு. வீட்டுக்காரருக்கு என்ன? அந்த வாக்கியத்தைப் படிக்குப் படி ஒவ்வொரு விதமாக முடித்துப் பார்த்தேன். ஒன்றுகூட நல்லபடியாக முடியவில்லை. அரைகுறைத் தமிழோடு ஒருத்தியை ஆயிரம் மைலுக்கு அப்பால் தனியாக நிற்க வைத்துவிட்டோமே என்று அழுகை வந்தது. மாடிக் கதவோரம் மெஷினைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, போனைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

ஒருவழியாக முகம் தெரிந்தது. கன்னமெல்லாம் கண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. நான் திரும்பி வருவேன் என்று கொஞ்சம் பார்த்திருக்கிறாள். வரவில்லை. நர்ஸ் உள்ளே போகத் திரும்பியபோது கையைப் பிடித்து, "மெதுவா சொல்லுங்க சிஸ்டர்" என்றிருக்கிறாள். அவரும் மெதுவாகச் சொல்லியிருக்கிறார்.

"நீங்க காணோம் திதி, நானே கேட்டேன். அவர் கண்ணு தொறந்துட்டார். நாளைக்கு இட்லி குடுக்கலாமாம். நீங்க ஏன் நனைஞ்சிருக்கீங்க?"

மொத்தத்தில், நான் பாடம் நடத்தியபோது தமிழ் கற்றுக்கொண்டவர்களைவிட, நான் நடுவில் காணாமல் போனபோது கற்றுக்கொண்டவர்களே அதிகம் என்பதுதான் என் ஆசிரியப் பணியின் சாதனை.