லாங்கியின் சித்தி

அகெனேசே பாடத் தொடங்கினால் சர்ச்சுக்குள் விசிறிக்கொண்டிருக்கும் கைகள் நின்றுவிடும். சமோவாவில், கடலை ஒட்டிய அந்த ஊரின் பாடகர் குழுவை நடத்தியது அவள்தான். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். எப்படிப்பட்ட கூச்சக்காரப் பிள்ளையையும் மேடையேற்றிவிடுவாள் என்று சுற்று வட்டாரத்தில் அவளுக்குப் பேர். அந்தப் பேர் அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

அவளுக்கு ஒரே மகள், லாங்கி. ஐந்து வயதாகியும் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். எந்நேரமும் தொண்டைக்குள் ஒரு ரீங்காரம். சத்தம் கூடினால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவாள், பாதி நேரம் கடலை நோக்கி. வயிற்றில் பிள்ளை இருந்தபோது அகெனேசே அந்தி நேரத்தில் தலையை விரித்துப்போட்டுத் திரிந்தாளாம், ஏதோ அண்டிவிட்டதாம். ஊரில் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

பிள்ளைகள் சபை முன்னால் வசனம் ஒப்பிக்கும் குழந்தைகள் ஞாயிறு அந்த வருஷம் நெருங்கியபோது, போதகரின் மனைவி அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அகெனேசே, தப்பா எடுத்துக்காதம்மா. அன்னைக்கு வெளியூர் ஆளுங்கல்லாம் வருவாங்க. பாப்பா வீட்டுலயே இருந்தா அவளுக்கும் நிம்மதியா இருக்கும்."

"சரிங்கம்மா" என்று அவள் உடனே சொன்னாள். கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அதையே அவர் சொல்ல மாட்டாரா என்று உள்ளூரக் காத்திருந்தது போலத்தான் இருந்தது.

சில நாள் கழித்து, அடுப்படியில் சேப்பங்கிழங்கு சீவிக்கொண்டிருந்தபோது ரேடியோவில் ஒரு பெண் ஆட்டிசம் பற்றிப் பேசினாள். தலைநகர் அப்பியாவில், சந்தைக்குப் பின்னால் ஒரு மையம் இருக்கிறதாம், இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்ற அம்மாக்கள் சேர்ந்து நடத்துகிறார்களாம். அகெனேசே ஓடிப்போய்ச் சத்தத்தைக் குறைத்தாள். பக்கத்து அறையில் நாத்தனார் சிலிவா இருந்தாள். சிலிவாவின் காதில் விழுந்தால் ஊர்க் காதில் விழுந்த மாதிரி.

தீவுகளுக்கு நடுவே ஓடும் படகில் வேலை பார்த்த புருஷன் யோசேஃபோவிடம் மட்டும் சொன்னாள். அவன், "கூட்டிட்டுப் போ. வேற என்ன செய்யறது?" என்றான். மற்றவர்களிடம் பிள்ளைக்குக் காது பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு அப்பியாவுக்குப் பஸ் ஏறினாள். பஸ்ஸில் பாட்டு அலறியது. லாங்கி வழியெல்லாம் அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வந்தாள்.

மையத்தில் இருந்தவள் சியெனி என்ற இளம்பெண், பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். ஆக்லாந்தில் பிறந்து வளர்ந்ததால் அவள் வாயில் சமோவா மொழி நொண்டி நொண்டித்தான் வந்தது.

"வாங்கக்கா. பாப்பாவுக்கு நீங்க என்ன ஆகணும்?"

அகெனேசே வாயைத் திறப்பதற்குள், சுவரோரம் மகனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "அட, நீங்க பாட்டு டீச்சர்தானே? போட்டியில உங்க பாட்டைக் கேட்டிருக்கேன்."

"சித்தி" என்றாள் அகெனேசே. "நான் இவளுக்குச் சித்தி. இவ அம்மா நியூசிலாந்துல இறைச்சி ஃபேக்டரியில வேலை பார்க்கறா."

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. சித்தியிடமும் மாமனிடமும் வளரும் பிள்ளைகள் எந்த ஊரில்தான் இல்லை?

அதன் பிறகு வாராவாரம் போனார்கள். சியெனி அவசரப்படவில்லை. முதலில் லாங்கியை ஊஞ்சலில் ஆடவிட்டாள். அவள் ரீங்காரம் போட்டால் தானும் ரீங்காரம் போட்டாள். அப்புறம் பட அட்டைகள் வந்தன. தண்ணீர் வேண்டுமானால் தண்ணீர்ப் படம், வாழைப்பழத்துக்கு வாழைப்பழப் படம். வீட்டில் பாத்திரத்தைத் தட்டிவிட்டுக் கத்தும் பிள்ளை, ஒருநாள் அமைதியாக வந்து தண்ணீர் அட்டையை நீட்டியபோது அகெனேசே அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

வியாழக்கிழமை அம்மாக்கள் ஒரு ஆலோசகரோடு கூடி உட்கார்ந்து பேசுவார்கள். "அது அம்மாக்களுக்கு மட்டும்க்கா. நீங்க வெளிய கொஞ்ச நேரம் இருங்க" என்றாள் சியெனி. அகெனேசே பலாமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளிருந்து அழுகைச் சத்தம் வரும், சற்று நேரத்தில் சிரிப்புச் சத்தம் வரும். உள்ளே போக அவளுக்கு மட்டும் வழியில்லை. அந்த வழியை அடைத்தவள் அவளேதான்.

அடுத்து சியெனி ஆட்களின் படங்களை எடுத்தாள். அகெனேசேயின் புகைப்படத்தை அட்டையில் ஒட்டி, லாங்கியின் முன்னால் பிடித்து, நீட்டி முழக்கிச் சொன்னாள். "சித்... தி. யாரு இது? சித்... தி." நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் அகெனேசே நினைப்பாள். அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு வாரமும் பஸ் ஏறிவிடுவாள்.

ஒரு ஞாயிறு, சர்ச் முடிந்து குடும்பம் முழுக்கச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. தேங்காய்ப்பால் ஊற்றி இலையில் சுட்ட கீரையை சிலிவா பிரித்துக்கொண்டிருந்தாள். லாங்கி எழுந்து வந்தாள். அகெனேசேயின் முகம் ஒட்டிய அட்டையை அவள் மடியில் வைத்தாள். கீரையைக் கைகாட்டினாள். தெளிவாகச் சொன்னாள்.

"சித்தி."

யோசேஃபோவின் கையிலிருந்த கிழங்கு நழுவி விழுந்தது. "பேசிட்டா! என் பொண்ணு பேசிட்டா!" என்று எழுந்து நின்று கத்தினான். லாங்கி காதைப் பொத்திக்கொண்டாள். பேச்சு வந்துவிட்டதே என்று எல்லோரும் ஆண்டவருக்கு நன்றி சொல்லி முடித்த பிறகுதான் சிலிவா வாயைத் திறந்தாள்.

"அது சரி, பெத்தவளை எதுக்கு சித்திங்கறா?"

"அந்தப் பொண்ணு... அங்க இருக்கற பொண்ணுதான். அவளுக்கு நம்ம பேச்சு சரியா வராது. தப்பாச் சொல்லிக் குடுத்துட்டா" என்றாள் அகெனேசே. மகள் பேசிய முதல் வார்த்தையை வாரி அணைத்துக்கொள்ள வேண்டிய நேரத்தில் அடுத்த பொய்யைத் தேடிக்கொண்டிருந்தாள்.

யோசேஃபோவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "நாலு வார்த்தை ஒழுங்காத் தெரியாதவ என்ன சொல்லிக் குடுக்கறது? நானே வந்து கேக்கறேன்." தலைவலி, வேலை, மழை என்று அவள் என்ன சொல்லியும் அவன் கேட்கவில்லை. வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தான்.

அம்மாக்கள் வந்து கூடிக்கொண்டிருந்த நேரம். யோசேஃபோ சியெனியின் முன்னால் போய் நின்றான். "இந்தாம்மா, அம்மாவுக்கும் சித்திக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு? பெத்தவ எதிர்ல நிக்கறா, பிள்ளை சித்தின்னு கூப்பிடுது. படிச்சவதானே நீ?"

சியெனிக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. தன் மொழியில்தான் ஏதோ பிழை என்று நினைத்து முதலில் மன்னிப்பே கேட்டாள். பிறகு மெல்ல அகெனேசேயின் பக்கம் திரும்பினாள்.

"அக்கா... நீங்கதானே சித்தின்னு சொன்னீங்க?"

பாடகர் குழுவுக்கு முன்னால் தலை நிமிர்ந்து நிற்கும் அகெனேசே, சிமெண்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஆமா" என்றாள். "நான்தான் சொன்னேன். இவ என் பொண்ணு."

யோசேஃபோ அவளைப் பார்த்தான். "அப்ப நான் யாரு?" என்றான். "சித்தப்பாவா?"

அவன் லாங்கியைத் தூக்கிக்கொண்டு ஊஞ்சலுக்குப் போய்விட்டான். அகெனேசே வாசலைப் பார்த்து நகர்ந்தாள். சந்தையில் மீன் விற்கும் பருத்த பெண் ஒருத்தி அவள் கையைப் பிடித்தாள்.

"எங்க ஓடற? உக்காரு. நான் என் பையனை ஊமைன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். வீட்டுக்கு ஆள் வந்தா கோழிக் கொட்டகையில வச்சு அடைச்சிருக்கேன். போதுமா? உக்காரு."

உட்கார்ந்தாள். அன்று அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அடுத்த வாரமும் பேசவில்லை. அதற்கடுத்த வாரம், பிள்ளையை வீட்டிலேயே விடச் சொன்ன போதகரின் மனைவியிடம் தான் உடனே சரி என்றதை அந்த அம்மாக்களிடம் சொன்னாள். ஆலோசகர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "அப்ப உங்களுக்கு எது பயம்?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்ல அகெனேசேக்குப் பல வியாழக்கிழமைகள் பிடித்தன.

யோசேஃபோ ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு பேசினான். ஆனால் அந்த விஷயத்தை இருவரும் மறுபடி எடுக்கவேயில்லை. சிலிவா எடுத்தாள், கொஞ்ச நாள் ஊரும் எடுத்தது.

சியெனி அட்டையை மாற்றிப் பார்த்தாள். அதே முகம், "அம்மா" என்று சொல்லிக் கொடுத்தாள். லாங்கி புது அட்டையை ஊஞ்சலுக்கு அடியில் போட்டுவிட்டுப் பழைய அட்டையைத் தேடி எடுத்து வந்தாள். "இவங்களுக்கு ஒரு தடவை பேர் பதிஞ்சா பதிஞ்சதுதான்க்கா. வற்புறுத்தினா பேசறதையே விட்டுடுவா" என்றாள் சியெனி. அகெனேசே, "விட்டுடும்மா" என்றாள்.

லாங்கிக்கு இப்போது பத்து வயது. தண்ணீர், போதும், சத்தம், அப்பா, வலிக்குது என்று ஒரு பிடி வார்த்தைகள் இருக்கின்றன. இன்றைக்கும் அவளுக்கு அகெனேசே சித்திதான். போன வாரம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"அக்கா பொண்ணா? நல்லா ஒட்டிக்கிட்டா உங்ககிட்ட."

"இல்லைங்க. என் பொண்ணு" என்றாள் அகெனேசே.

அந்தப் பெண் புரியாமல் பார்த்தாள். அகெனேசேயின் காது மடல் சூடேறியது. எத்தனை தடவை சொன்னாலும் அது சூடேறத்தான் செய்கிறது. லாங்கி அவள் கையை இழுத்துத் தன் காதின் மேல் வைத்துப் பொத்திக்கொண்டாள். அகெனேசே ஓட்டுநரைப் பார்த்து, பாட்டைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் குரல் கொடுத்தாள்.