பாகைமானியும் ஊசியும்

என் கணவருக்குக் கண் மங்குகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தது நான்தான். ஒரு நாள் தட்டில் கிடந்த பச்சை மிளகாயைப் போஞ்சிக்காய் என்று நினைத்து வாயில் போட்டு மென்றுவிட்டார். சோற்றில் ஒரு கல் இருந்தாலே வீட்டை இரண்டாக்குகிற மனிதர், அன்றைக்குத் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவர் என்னைத் திட்டாததைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

ஆஸ்பத்திரியில் நீரிழிவு என்றார்கள். இருக்கிற பார்வை போகுமே தவிர, போனது திரும்பாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் மாத்தளை டவுனில் ஒரு சர்வேயருடைய கந்தோரில், அதாவது அலுவலகத்தில், காணிப் படம் வரைகிறவர். எழுத்து எழுதவும் வண்ணம் தீட்டவும் வேறு ஆள் இருந்தார். கோடும் கோணமும் இவர் வேலை. அந்த வேலைக்குக் கண்ணைத் தவிர வேறு என்ன வேண்டும்?

தேயிலை விலை விழுந்திருந்த காலம் அது. தோட்டங்களில் ஆள் குறைத்துக் குடும்பம் குடும்பமாக அக்கரைக்கு, இந்தியாவுக்கு, கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு அக்கரையிலும் யாரும் இல்லை, இக்கரையிலும் சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லை. ஆனால் தோட்டங்கள் கைமாறியதால் கந்தோரில் மட்டும் வேலை குவிந்தது. ஊர் வயிற்றில் அடித்த அதே காற்று எங்கள் அடுப்பை எரித்தது என்று சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. அந்த வேலை போனால் நாங்கள் தெருவில்தான். அதனால் கண் விஷயத்தை மூடிவைத்தோம்.

எப்படி மூடினோம் என்பதைச் சொல்கிறேன். அவசர வேலை என்று அவர் படத்தாளையும் சர்வேயரின் அளவுப் புத்தகத்தையும் வீட்டுக்குக் கொண்டுவருவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஜன்னலோரம் உட்காருவோம். இலக்கம் வாசிக்க எனக்குத் தெரியும், மிஷன் பள்ளிக்கூடத்தில் கற்றது அவ்வளவுதான். அளவை வாசித்து, கோணம் அளக்கும் பாகைமானியைத் தாளில் வைத்து, உரிய பாகைக்கு நேரே தையல் ஊசியால் ஒரு குத்துக் குத்துவேன். மறுநாள் கந்தோரில் அவர் நகத்தால் அந்தக் குத்துகளைத் தடவிப் பிடித்து, அடிமட்டக் கோலை அவற்றில் முட்டவைத்துக் கோடு இழுப்பார். பார்க்கிறவர்களுக்கு அவர் எப்போதும்போல வரைவதாகத்தான் தோன்றும்.

பாகைமானியில் இலக்கங்கள் இரண்டு வரிசையாக ஓடும், ஒன்று இடப்பக்கமிருந்து, மற்றது வலப்பக்கமிருந்து. எந்தப் பக்கம் பூச்சியத்தில் தொடங்குகிறோமோ அந்த வரிசையைத்தான் பிடிக்க வேண்டும். ஆரம்பத்தில் அறுபது கேட்ட இடத்தில் நூற்றிருபதில் குத்திவிட்டேன். அவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஒரு தோட்டத்தையே ஆத்துக்குள்ள தள்ளிட்டியே புள்ள.”

“கண்ணு தெரியாதவருக்கு ஆறு மட்டும் எப்படித் தெரியுதாம்?” என்றேன்.

“விரியுதா குறுகுதான்னு மொதல்ல பாரு. நம்பரை அப்புறம் பாரு.”

அதற்குப் பிறகு நான் தவறவில்லை. கொக்கோத் தோட்டம், தேயிலைத் தோட்டம், லக்கலப் பக்கத்து ஏலக்காய்க் காடு என்று நான் கால் வைக்காத மண்ணெல்லாம் என் ஊசியில் எல்லை கண்டது. அதில் எனக்கு ஒரு கர்வம்கூட இருந்தது. தினமும் காலையில் அவரைக் கந்தோர் வாசல் வரைக்கும் கூட்டிப்போவேன், மத்தியானம் சோறு கொண்டுபோவேன். “இந்த வயசுல இப்படி ஒட்டிக்கிட்டுத் திரியிறாங்களே” என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி பண்ணுவாள். பண்ணட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்களைக் காட்டிக்கொடுத்தது அந்தக் குத்துகள்தான். படம் வரைகிறவர்களும் ஊசிக் குத்து வைப்பதுண்டு, ஆனால் அது கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லியது. நான் அவர் விரலுக்குத் தட்டுப்பட வேண்டுமென்று அழுத்திக் குத்தியிருந்தேன். ஒரு நாள் சர்வேயர் ஒரு படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தபோது தாள் முழுவதும் ஓட்டை. அவர் ஒன்றும் கேட்கவில்லையாம். வண்ணம் தீட்டுகிறவர் சொல்லித்தான் என் கணவருக்கே அது தெரிந்தது.

அடுத்து வந்த நாட்களில் ஒரு மத்தியானம் சோற்றுடன் போனேன். கந்தோரின் பின் விறாந்தையில் நின்றால் ஜன்னல் வழியாக உள்ளே தெரியும். சர்வேயர் என் கணவரின் மேசையருகே நின்றுகொண்டிருந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், அதிர்ந்து பேசாதவர்.

“இந்தத் தாளிலை ஒரு கோணம் கீறியிருக்கிறன். ஒருக்கா அளந்து சொல்லும்” என்றார்.

என் கணவர் தாளை இழுத்து வைத்துக்கொண்டார். விரல் குத்தைத் தேடியது. மேலே போனது, கீழே போனது, ஓரம் வரைக்கும் போய்த் திரும்பியது. பிறகு பாகைமானியை ஓரிடத்தில் வைத்து, நெற்றியைச் சுருக்கி, முகத்தைத் தாளுக்குக் கிட்டக் கொண்டுபோனார். நான் நின்ற இடத்திலிருந்து அந்தத் தாள் நன்றாகத் தெரிந்தது. அதில் ஒரு கோடும் இல்லை, வெறும் வெள்ளைத் தாள்.

கத்தியிருக்கலாம், பாத்திரத்தைக் கீழே போட்டிருக்கலாம். இரண்டையும் நான் செய்யவில்லை.

“ஐம்பத்தெட்டு” என்றார் என் கணவர்.

சர்வேயர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டார். “சரி, போய்ச் சாப்பிடும்” என்றார். பிறகு நிமிர்ந்து ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். நான் பார்த்துவிட்டேன் என்பது அவருக்குத் தெரிந்தது. இனி வேலை இல்லை என்று சொல்ல வேண்டியதை என் தலையில் கட்டிவிட்டு அவர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வேலையிலிருந்து நிறுத்தியதை நான் பெரிதாக நினைக்கவில்லை, குருடரை வைத்து யார் காணி அளப்பார்கள்? ஆனால் அந்த வெள்ளைத் தாளுக்காக அந்த மனிதரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

என் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு விறாந்தைக்கு வந்தார். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. பல நாட்களுக்குப் பிறகு சோற்றை ரசித்துச் சாப்பிட்டார்.

“ரொம்ப மெல்லிசா கீறியிருந்தாரு புள்ள. ஆனா புடிச்சிட்டேன். ஐம்பத்தெட்டுன்னேன், சரின்னுட்டாரு. நீ பாத்தியா?”

“மொதல்ல சாப்பிடுங்க” என்றேன்.

அவர் சாப்பிட்டுக் கை கழுவி, துண்டில் துடைத்துக்கொள்ளும் வரைக்கும் பொறுத்திருந்தேன்.

“அந்தத் தாள்ல கோடே இல்லைங்க.”

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

“ஒண்ணுமே இல்லியா?”

“ஒண்ணுமே இல்லைங்க.”

அவர் வெகுநேரம் தன் விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப நான் எதைப் புள்ள அளந்தேன்?” என்று கேட்டார்.

சாப்பாட்டு நேரம் முடிந்து கந்தோருக்குள் மற்றவர்கள் வேலையைத் தொடங்கினார்கள். அவர் எழுந்து உள்ளே போகவில்லை. யாரும் வந்து கூப்பிடவும் இல்லை.